சும்மா நின்ற ஏடிவி

பழைய ஏடிவி (மேடு, பள்ளம், சேறு என்று எங்கும் போகும் நான்கு சக்கரத் திறந்த வண்டி) விற்பவர்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. யாருமே அதை ஓட்டியதில்லை. "சும்மாதான் சார் நிக்குது, எப்பவாவது எடுத்தா உண்டு" என்பார்கள். சும்மா நின்ற வண்டியின் கால் வைக்கும் இடம் எப்படி இவ்வளவு வழவழப்பாகத் தேய்ந்தது, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சேறு எப்படிக் குடியேறியது என்று கேட்டால் பேச்சு வேறு எங்கேயோ போய்விடும்.

நாங்கள் பார்க்கப் போனதும் அப்படிச் சும்மா நின்ற வண்டிதான். நாங்கள் என்றால் நானும் என் மனைவியின் தம்பியும். அவனுக்கு வண்டிகளைப் பற்றி எல்லாம் தெரியும்; அப்படித்தான் அவன் சொல்கிறான். நேராக ஹெட்லைட்டிடம் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு, "சூப்பர் மாமா" என்றான். நான் இஞ்ஜினில் கை வைத்தேன். சுட்டது.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"இல்லையே சார். வெயில்ல நின்னதுல சூடாகியிருக்கும்."

வண்டி நின்றது கூரை போட்ட கொட்டகைக்குள். கார்புரேட்டர் அடைப்பும் தப்பான வால்வு இடைவெளியும் இஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் முரண்டு பிடிக்கும். சூடாகிவிட்டால் எந்த இஞ்ஜினும் நல்ல பிள்ளைதான். ஆறட்டும் என்று உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் அவருடைய சொத்துத் தகராறு முழுவதையும் கேட்க வேண்டியதாயிற்று. பிறகு சாவியைத் திருப்பினால் இருமியது, தும்மியது, பின்னால் கொஞ்சம் நீலப் புகை விட்டது, அப்புறம் சமாதானமாகி ஓடியது. நீலப் புகை உடனே நின்றுவிட்டதால் வால்வு சீலாக இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். விடாமல் புகைந்திருந்தால் பிஸ்டன் ரிங் என்று பயந்து அப்படியே கிளம்பியிருப்பேன்.

"2002 மாடல் சார்" என்றார். வண்டியின் சட்டத்தில் (சேஸியில்) அடித்திருந்த 17 எழுத்து எண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். பத்தாவது எழுத்துதான் மாடல் ஆண்டைச் சொல்லும். டபிள்யூ என்று இருந்தது. அது 1998. மெதுவாகச் சொன்னேன்.

"டபிள்யூன்னா வின்ச் வெச்ச மாடல்னு சொன்னாங்களே!"

"சரி, சேற்றில் சிக்கினால் கம்பி சுற்றி இழுக்கும் அந்த வின்ச் எங்கே?"

"அதை எனக்கு வித்தவர் கழட்டிக்கிட்டார்."

அடுத்தது முக்கியமான விஷயம், ஃபோர் வீல் டிரைவ். ஏடிவியில் நான்கு சக்கர இழுவை ஒன்றும் நேற்று வந்ததில்லை. ஹோண்டா 1986 மாடலாக விட்ட ஃபோர்ட்ராக்ஸ் 350 தான் ஆரம்பித்து வைத்தது. ஆகவே 1998 வண்டியில் அது இருப்பதில் அதிசயமில்லை. வேலை செய்தால்தான் அதிசயம். சுவிட்சைப் போட்டு, தளர்ந்த மண்ணில் வண்டியின் முன்பக்க பம்பரை மரத்தில் முட்டக் கொடுத்து லேசாக ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். பின் சக்கரங்கள் குழி தோண்டின. முன் சக்கரங்கள் திருமணத்துக்கு வந்த பெரிய மனிதர்களைப் போல அசையாமல் வேடிக்கை பார்த்தன.

"அது நிஜமா சேறு இருந்தாத்தான் சார் சுத்தும்" என்றார் அவர். படுத்துப் பார்த்தால், முன் அச்சை இணைக்கும் காந்தச் சுருளுக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. எலியை மனதார வாழ்த்தினேன். ஃபோர் வீல் டிரைவ் வண்டியை டூ வீல் டிரைவ் விலைக்குப் பேச அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது பால் ஜாயின்ட்டும் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) பேரிங்கும் 'டொக் டொக்' என்று எனக்காகவே பேரம் பேசின. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிரீஸ் வெளியே, மணல் உள்ளே. ஒவ்வொன்றுக்கும் விலை கொஞ்சம் இறங்கியது. மச்சான் மட்டும் நடுவில், "ஆனா லைட் நல்லா எரியுது மாமா" என்று விலையை ஏற்றிக்கொண்டிருந்தான்.

வாங்கியாயிற்று. அப்கிரேட் பட்டியலோடு வந்தான் மச்சான்: 27 அங்குல டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், எல்இடி லைட் பார், வின்ச். என் பட்டியலில் இருந்தது ரப்பர் உறை, பேரிங், பால் ஜாயின்ட், கார்புரேட்டர் சுத்தம், ஆயில். முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலை வடித்தபோது பால் மாதிரி வெள்ளையாக வந்தது, தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீல் ஒன்றையும் பட்டியலில் சேர்த்தேன். "இதெல்லாம் அப்கிரேடா? வெளியே ஒண்ணுமே தெரியலையே" என்று வருத்தப்பட்டான்.

25 அங்குல டயர் போட்ட வண்டிக்கு 27 போட்டால் கியர் விகிதம் எட்டு சதவீதம் நீண்டுவிடும், இழுவை குறையும், இஞ்ஜின் சுழற்சியைக் கடத்தும் பெல்ட் சூடாகும், அதற்கு கிளட்ச் எடைகளை மாற்ற வேண்டும் என்றேன். லிஃப்ட் கிட் போட்டால் அச்சின் சாய்வு கூடி, இப்போதுதான் மாற்றிய ரப்பர் உறை மறுபடி கிழியும் என்றேன். அவன் என் மனைவியிடம் போய், "மாமாவுக்கு வயசாயிடுச்சுக்கா" என்று சொல்லியிருக்கிறான்.

சமாதானத்துக்காக வின்ச்சுக்குச் சம்மதித்தேன். 2500 பவுண்டு இழுக்கும் சின்ன ரகம். முழுச் சுமையில் அது 100 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். வண்டிக்குள் மின்சாரம் தயாரிக்கும் பழைய ஸ்டேட்டரால் அதில் கால் பங்கைக் கொடுப்பதே கஷ்டம், மீதி பேட்டரியின் தலையில்தான். ஆகவே புதுப் பேட்டரி, தடித்த கேபிள். எல்இடி பாரைச் சேர்த்தால் ஸ்டேட்டரும் மாற்ற வேண்டும் என்று ஒரு போடு போட்டேன். அதில் பாதிதான் உண்மை. எல்இடி அவ்வளவெல்லாம் குடிக்காது.

டயர் மாற்ற முடியாத கோபத்தில், இருக்கிற டயருக்குக் காற்றாவது அடிக்கிறேன் என்று போனான். கார் நினைப்பில் 30 பிஎஸ்ஐ அடித்துவிட்டான். ஏடிவி டயருக்கு ஐந்து பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம்தான். பக்கச் சுவரிலேயே அச்சடித்திருக்கும். நல்லவேளை, டயர் வெடிக்கவில்லை. மனைவி ஏறி ஒரு சுற்று போய் வந்து, "ஏங்க, கூழாங்கல்லுக்கெல்லாம் குதிக்குது, இதுக்கா இவ்வளவு செலவு?" என்றாள். காற்றை இறக்கி, கார் அளவுகோலில் இவ்வளவு குறைந்த அழுத்தம் சரியாகத் தெரியாது என்பதால் தனி அளவுகோல் ஒன்றும் வாங்கினேன். மறுபடி ஏறிப் போனவள் நெடுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

இப்போது முன் சக்கரங்கள் சுற்றுகின்றன. நான்தான் ஓட்டக் கிடைக்காமல் நிற்கிறேன். வின்ச் ரிமோட் மச்சானிடம், சாவி மனைவியிடம். போன வாரம் ஸ்பானரும் கையுமாகக் கீழே படுத்திருந்த என்னிடம், "அடுத்து சீட்டை மாத்திடலாங்க, எனக்குக் கொஞ்சம் உயரமா இருக்கு" என்றாள்.