ஏக்கருக்கா, ஆளுக்கா?

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்தபோது ஒரு மாதிரித் தேர்வில் 15 மதிப்பெண்ணுக்கு வந்த கேள்வி: நீண்டகாலப் பொருளாதார வளர்ச்சியில் வேளாண் உற்பத்தித்திறனின் பங்கை விளக்குக. பார்த்ததும் ஒரே குஷி. பசுமைப் புரட்சி, அதை முன்னெடுத்த அமைச்சர் சி. சுப்பிரமணியம், குட்டை ரகக் கோதுமை, ஆடுதுறை 27 நெல் என்று மூன்று பக்கம் தள்ளிவிட்டேன். கிடைத்தது 5. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "ஏக்கருக்கா, ஆளுக்கா?"

இரண்டு நாள் அது பிடிபடவில்லை. அப்புறம் ஊருக்குப் போனேன், குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் எங்கள் ஒரு ஏக்கரை அறுக்கப் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்குவார்கள். இப்போது மெஷின் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வரப்பேறிப் போய்விடுகிறது. மூட்டைக் கணக்கு அதேதான். ஏக்கருக்கான விளைச்சல் மாறவில்லை, ஆளுக்கான விளைச்சல் எகிறிவிட்டது. சரி, அந்தப் பத்துப் பேர் எங்கே போனார்கள்? கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் 1954-இல் எழுதியதும் இதைத்தான்: வயலில் மிகுந்து நிற்கும் உழைப்பு தொழில்துறைக்கு நகரும்போது நாடு வளர்கிறது.

நான் எழுதியதோ பாதிக் கதை. 1950-51-இல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த உணவு தானியம் 2022-23-இல் 33 கோடி டன்னை எட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் இன்னும் உழைப்பாளர்களில் சுமார் 46 விழுக்காட்டினர் வேளாண்மையில் இருக்க, மொத்த உற்பத்தியில் அதன் பங்கு 18 விழுக்காடு அளவில்தான் நிற்கிறது. வகுத்துப் பாருங்கள்: பிற துறைகளில் ஒருவர் ஈட்டித்தருவதில் ஏறக்குறைய கால்பங்குதான் வேளாண்மையில் ஒருவர் ஈட்டித்தருகிறார். இந்த ஒரு கணக்கை விடைத்தாளில் போட்டுக் காட்டினால் மனப்பாடக் கும்பலிலிருந்து தனியாகத் தெரிவீர்கள்.

ஒப்பீட்டுக்குச் சீனா போதும். 1978-இல் அங்கே பத்தில் ஏழு பேர் வேளாண்மையில் இருந்தார்கள். நிலப்பொறுப்பு குடும்பங்கள் கைக்கு வந்ததும் விளைச்சல் கூடியது. கிராமத்துத் தொழிற்கூடங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டன. இன்று நாலில் ஒருவர்தான். தென்கொரியா, தைவான் நிலச்சீர்திருத்தத்தை இரண்டு வரியில் தொட்டால் போதும்.

பசுமைப் புரட்சிக்கு இப்போது நான் ஒதுக்குவது ஐந்தே வரி. படித்ததையெல்லாம் கொட்டக் கை பரபரக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அந்த 46-ஐயும் 18-ஐயும் மட்டும் ஆண்டுதோறும் பொருளாதார ஆய்வறிக்கை வந்ததும் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.