தள்ளுபடி ஆனாலும் வழக்கு முடிந்துவிடவில்லை

சிறையில் இருப்பவர் அரசுமேல் போட்ட நஷ்டஈடு வழக்கை 'அதிகார வரம்பு இல்லை' என்று தள்ளுபடி செய்தால், தோற்றுப்போனோம் என்றே குடும்பம் உட்கார்ந்துவிடுகிறது. இன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அம்மா, உத்தரவு நகலை நாலாக மடித்து ஜவுளிக்கடைப் பையில் வைத்துக்கொண்டு "எல்லாம் முடிஞ்சிபோச்சு தம்பி" என்றார். எனக்கு மனசே ஆறவில்லை.

முடியலைங்க. அவர் பையன் அடிபட்டது உண்மையா பொய்யா என்று அந்த உத்தரவு ஒரு வரிகூடப் பேசவில்லை, இந்தக் கோர்ட் விசாரிக்க முடியாது என்பதோடு சரி. உரிய கோர்ட்டில் திரும்பப் போடலாம், தப்பான இடத்தில் நல்லெண்ணத்தோடு வழக்கு நடத்திய காலத்தைக் வழக்குப் போடக் கெடு வைக்கும் காலவரம்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு அந்தக் கெடுக் கணக்கிலிருந்து கழித்துவிடும், அதற்காக நாள் கடத்திவிடாதீர்கள். ரிட் மனு (அரசு உரிமையை மீறியது என்று நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) என்றால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

கோர்ட் விடுதலை செய்த பிறகும் 14 வருஷத்துக்குமேல் சிறைக்குள்ளேயே கிடந்த ருதுல் ஷாவுக்கு, ரிட் மனுவிலேயே, 1983இல் உச்ச நீதிமன்றமே பீகார் அரசை 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தனியாக சிவில் வழக்கு போடும் உரிமையையும் விட்டுவைத்தது.

அப்புறம், வக்கீலுக்குப் பணம் இல்லை என்று யாரும் நிற்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987ஆம் வருஷச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டமே சொல்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் உத்தரவு நகலோடு போய்க் கேளுங்கள்.