தூக்குவோர் நால்வர்

“தம்பி, அப்பாவை ஆர் தூக்கினது?”

“கப்பல் ஆக்கள்தான், அம்மா.”

பேச்சு இவ்வளவுதான். வெளிநாட்டில் இறந்த தகப்பனின் கல்லறையைத் தேடித் தரச் சொல்லி வந்த அந்த அம்மா எட்டு மாதத் தேடலில் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் தாளை நீட்டித்தான் பதில் சொன்னேன். சவப்பெட்டியைத் தூக்கியவர் யார் என்ற இந்தக் கேள்விக்கும் தாள் கையில் இருந்தது. நீட்டவில்லை.

கப்பலில் போய் வெளிநாட்டில் இறந்தவரைத் தேடி வருகிறவர்கள் ஒரு கப்பலின் பெயரோடும் ஒரு நாட்டின் பெயரோடும் வருவார்கள். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஊர் என்று சொல்வது கடைசிக் கடிதத்தில் முத்திரை விழுந்த ஊராக இருக்கும். தேதி என்று சொல்வது வீட்டு வாசலுக்குத் தந்தி வந்த தேதியாக இருக்கும். அதனால் முதலில் கேட்பது சி.டி.சி. புத்தகத்தை, அதாவது மாலுமியின் பணிப் பதிவுப் புத்தகத்தை. ஏறிய தேதி, இறங்கிய தேதி, கப்பல், பதிவுத் துறைமுகம், பதிவு இலக்கம் எல்லாம் வரி வரியாக அதில் உண்டு. இறங்கிய தேதி இல்லாமல் நிற்கும் கடைசி வரிதான் நமக்கு வேண்டியது. பெயரை விட இலக்கத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. கப்பல் கைமாறினால் பெயரும் மாறும், கொடியும் மாறும். கப்பலுக்கு மாறாத ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) இலக்கம் 1987-இல்தான் வந்தது. அதற்கு முந்திய கப்பல்களுக்குப் பழைய லொயிட்ஸ் கப்பல் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும்.

அடுத்தது, இறந்தது கடலிலா கரையிலா என்பது. கடலிலேயே அடக்கம் செய்திருந்தால் தேடக் கல்லறை கிடையாது. கப்பலின் உத்தியோகபூர்வப் பதிவேட்டில் அகலாங்கும் நெட்டாங்கும் கிடைத்தால் அதுவே பெரிது. பிரித்தானியக் கொடி என்றால் 1863 முதல் 1938 வரையும் 1951 முதல் 1976 வரையும் உள்ள மாலுமிப் பட்டியல்களில் ஏறத்தாழ 70 சதவீதம் இப்போது கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் இருக்கின்றன. லண்டனுக்கு எழுதிவிட்டுக் காத்திருந்து ஏமாந்தவர்கள் பலர்.

இவருடைய தகப்பன் கரையில்தான் இறந்தார். 1978, ஹம்பர்க், ஆஸ்பத்திரியில். மரணத்தைப் பதிவது ஆஸ்பத்திரி இருக்கும் வட்டாரத்துப் பதிவகம். துறைமுக வட்டாரம் வேறாக இருக்கலாம். இந்த ஒரு பிழையில் நாங்கள் இரண்டு மாதம் இழந்தோம். ஜேர்மனியில் மரணப் பதிவு 30 வருடம் கழிந்தால் யாரும் பார்க்கக்கூடிய ஆவணமாகிவிடும். பிள்ளை கேட்டால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. எப்படியும் பிள்ளை என்று காட்டுவது நல்லது. பிறப்புச் சான்றிதழ், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி, கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சி மூன்றையும் சேர்த்து அனுப்பினால் பதில் சுறுக்காக வரும்.

பெயர் இன்னொரு தலையிடி. நம்முடைய முதலெழுத்து முறை அங்கே குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. இறந்தவரை அவருடைய தகப்பன் பெயரின் கீழ் பதிந்திருப்பார்கள். ஊர்காவற்றுறையில் இருந்த இவருடைய அப்பப்பாவின் பெயரில் யார் தேடுவார்? நீளமான கத்தோலிக்கத் தமிழ்ப் பெயர் என்றால் மருத்துவர் ஒரு விதமாக எழுத, பதிவாளர் இன்னொரு விதமாக எழுத, பெட்டி செய்தவன் மூன்றாவதாக எழுதியிருப்பான். மயானப் பதிவேடு அடக்கம் நடந்த நாள் வரிசையில் போகும். ஆகவே பெயரைத் தேடச் சொல்லாமல் இறந்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்கு உள்ள பக்கங்களின் பிரதியைக் கேட்க வேண்டும். நான்கு வாரம் ஏன் என்றால், பிரேத பரிசோதனை, கம்பனியின் தந்தி, அதற்குப் பதில் தந்தி என்று உடல் அவ்வளவு நாள் கிடந்திருக்கலாம். இவருடைய தகப்பனை அப்படித்தான் கண்டுபிடித்தோம். பகுதி, வரிசை, இலக்கம் மூன்றும் தெளிவாக இருந்தன.

ஆனால் கல் இல்லை. அவரை அடக்கிய ஹம்பர்க்கின் ஓல்ஸ்டோர்ஃப் 1877-இல் திறந்த மயானம், உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அங்கே ஓய்வுக் காலம், அதாவது கல்லறையைக் கலைக்காமல் விடும் காலம், 25 வருடம். குடும்பம் பணம் கட்டி எடுக்கும் கல்லறையை நீடிக்கலாம். தனியாளுக்கு வரிசையில் கொடுக்கும் கல்லறையை நீடிக்க முடியாது. 1978-உடன் 25-ஐக் கூட்டினால் 2003. இதில் கொடுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஹொங்கொங்கின் பொது மயானங்களில் ஆறு வருடத்தில் தோண்டி எடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 1998 முதல் 15 வருடம். கொழும்பு லிவரமெந்து மயானத்தில் போர்க் கல்லறைகள் இன்றும் வரிசை குலையாமல் நிற்கின்றன என்றால், அவற்றுக்கென்று பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை என்று அதற்குத் தேதி எல்லையும் உண்டு. வணிகக் கப்பல்காரர் என்றால் அந்தத் தேதிக்குள் இறந்தது மட்டும் போதாது, போரினால் இறந்திருக்க வேண்டும். 1978-இல் நிமோனியாவில் போன கிறீசருக்கு, ஓர் இயந்திர அறைத் தொழிலாளிக்கு, ஆணையம் ஏது?

இதை மகளிடம் சொல்ல ஒரு கிழமை தயங்கினேன். சொன்னபோது, “மண் அங்கதானே கிடக்குது, தம்பி,” என்றார். அவ்வளவுதான். கல்லை எடுத்துப் புல் விதைப்பார்கள், கீழே உள்ளதைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள் என்று நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த விளக்கம் தேவைப்படவே இல்லை.

அதைத் தாங்கியவர் மற்றதையும் தாங்கியிருப்பார். இப்போது அப்படித் தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஆவணம் துறைமுக முகவரின் செலவுக் கணக்கு. பதிவாளர் மறப்பார், மயானம் மறக்கும். கப்பல் சொந்தக்காரனிடம் காசு அறவிட வேண்டிய முகவர் ஒரு மலர்வளையத்தைக் கூட மறக்கமாட்டார். இவருடைய தகப்பனின் கணக்கின் பிரதி எங்கள் கிட்டங்கியிலேயே கிடந்தது, ஆளைக் கப்பலுக்குச் சேர்த்தவர்களுக்கு அனுப்பிய பழைய கோவையில். பெட்டி, வண்டி, நிலம், குருவானவர், மலர்வளையம் ஒன்று, தூக்குவோர் நால்வர் கூலி. மாலுமிகளை ஏற்றிவர வாகனம் என்று ஒரு வரி இல்லை. இருக்கவும் முடியாது. அதே கணக்கின் தலைப்பில் கப்பல் புறப்பட்ட தேதி இருக்கிறது. அடக்கத்துக்கு 16 நாள் முன்.

கூலி கப்பலின் கணக்கில் போனது, ஆகவே அவர்களும் கப்பல் ஆக்கள்தான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இப்படி ஒரு நியாயத்தை என் கீழே வேலை பார்க்கும் பெடியன் சொல்லியிருந்தால் கிழித்திருப்பேன். தாளில் உள்ளதைச் சொல், இல்லாததைச் சொல்லாதே என்று அவனுக்குப் படிப்பித்தவன் நான். இன்னொரு பக்கம், கேட்டவர் அப்போது தகவல் கேட்கவில்லை என்றும் படுகிறது. குருவானவர் நின்றார், அது உண்மை. அதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீட்டுக்கு வீதி நிறையச் சனம் நிற்கும். அந்த வீதியில் இருந்து வந்தவர் கேட்டதால் வாய் தானாக அப்படிச் சொல்லியிருக்கலாம்.

இன்று இப்படி நடந்தால் உடலை அனுப்ப வழி செய்ய வேண்டியது நாடுகளின் கடமை. கடல்சார் தொழிலாளர் சமவாயத்தின் அந்தத் திருத்தம் 2024 டிசம்பர் 23-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய ஆக்களுக்கு அது உதவாது.

கோவையின் பிரதியை அவரிடம் கொடுத்தபோது கணக்குத் தாளை மட்டும் உருவி மேசை லாச்சிக்குள் வைத்தேன். போன வாரம் அவருடைய மகன் தொலைபேசி எடுத்தார். மரியாதையான பிள்ளை. “அண்ணை, ஆறாம் பக்கத்துக்குப் பிறகு எட்டாம் பக்கம் வருது. ஏழு தவறிப்போச்சோ?”

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.