மகனின் இடது காது

மார்ச் 4, செவ்வாய்
நேற்றுப் பிறந்த இரட்டையருக்கு இன்று மிஷின் வைத்துக் காது கேட்கிறதா என்று பார்த்தார்கள். மகள் நித்திரையிலேயே இரண்டு காதும் பாஸ். மகன் வீரிட்டான், பால் கொடுத்து அமர்த்திய பிறகு வலது பாஸ், இடது ‘ரெஃபர்’, அதாவது பாஸ் இல்லை, திரும்பப் பார்க்க வேண்டும். “பயப்பிடாதீங்க தங்கச்சி, முதல் ரெண்டு நாள் காதுக்குள்ள வெள்ளைப் பூச்சு அடைச்சிருக்கும்” என்றார் மிஸ்ஸி. இரண்டு கிழமை கழித்து வரட்டாம்.

மார்ச் 6, வியாழன்
உப்புவெளிக்கு வந்துவிட்டோம். அம்மா காயச்சரக்கு இடிக்கிற சத்தத்துக்கு மகன் திடுக்கிடுகிறான். “கேக்குதுதானே, பார்” என்கிறார். ஒரு காது கேட்டாலும் பிள்ளை திடுக்கிடும் என்று அம்மாவுக்கு எப்படி விளங்கவைப்பது? பின்னேரம் தேங்காயெண்ணெயோடு அவன் காதருகே போனவரைத் தடுத்தேன். இப்போது முகம் கொடுத்துப் பேசுகிறாரில்லை.

மார்ச் 9, ஞாயிறு
இரவுப் பால் நேரம், கையில் போன். அந்த மிஷின் காதுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒலி விட, உட்செவியின் மயிர்க்கலங்கள் பதிலுக்கு மெல்லிய ஒலி எழுப்புமாம். 1978 இல் டேவிட் கெம்ப் என்பவர் அதை அளந்து காட்டியிருக்கிறார். காது கேட்கும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். அது பேசவும் செய்யுமாம்!

அந்தப் பதில் ஒலி சராசரியில் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்குப் பலம், இடதைவிட வலதுக்குப் பலம். ஆக, மகனின் இடது காதுதான் இருவரின் நான்கு காதுகளிலும் கடைக்குட்டி. அதிலும் ஒரு வேடிக்கை: 2004 இல் வந்த ஆய்வொன்றில், டிக் ஒலிக்கு வலது காது முந்த, சுரம்போல் நீளும் ஒலிக்கு இடது முந்தியிருக்கிறது.

மனம் கொஞ்சம் ஆறியது. அப்புறம் ஆறவில்லை. வித்தியாசம் ஏதோ ஒன்றிரண்டு டெசிபெல்தான். ஊர்ப்பிள்ளைகளின் சராசரி என் பிள்ளையின் காதுக்கு எப்படிப் பிணை நிற்கும்? ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று பிள்ளைகளுக்கு நிரந்தரக் குறை இருக்கிறதாம். 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தி, 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். ஜூன் 3 ஐக் கலண்டரில் வட்டமிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்
துடக்குக் கழியவில்லை என்று அம்மா முணுமுணுத்தார். ஆனாலும் ஓட்டோவில் முதலில் ஏறியது அவர்தான். திருகோணமலை நகரத்துக்குள் மான்கள் வீதியை மறித்து நின்றதில் பத்து நிமிடம் போனது.

இடது காதிலிருந்து எடுத்த ரப்பர் முனை பளபளத்தது. “எண்ணெய் விட்டீங்களா?” என்றார் மிஸ்ஸி. அம்மா யன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். பாஸ். வலதைவிடக் கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை.

வரும் வழியெல்லாம் நான் அம்மாவோடு பேசவில்லை.