ஒரு மணி நேரக் கடல் ஓசை முழுதாக உள்ளே ஏறியது

மண்டபம் தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) எடுத்த ஒரு மணி நேர ஒலிப்பதிவு, துண்டு போடாமல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் ஏறிவிட்டது. நாற்பதாவது நிமிடத்தைக் கேட்டால் அதை மட்டும் எடுத்துக் கொடுக்கிறது. கோப்புறையில் போட்டுவிட்டு முகவரியை மட்டும் அட்டவணையில் எழுதலாமே என்பவர்களுக்கு: பதிவும் குறிப்பும் ஒரே காப்புப் பிரதியில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

முதலில் வைத்திருந்தது எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம். அதில் ஒரு மதிப்புக்கு இயல்பான உச்சவரம்பு 100 கோடி பைட். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைச் சேனலில் ஒரு மணி நேரம் என்பது 103 கோடியே 68 லட்சம் பைட். நிலைப்படியில் தலை இடித்த கதைதான். மாதிரி வீதத்தை (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பதை) குறைக்க மனம் வரவில்லை. பாறை இடுக்கில் இறால் சொடுக்கும் ஓசை மனிதக் காதுக்கு எட்டாத உயரம் வரை போகிறது. அதை நறுக்கிவிட்டால் பதிவு எதற்கு?

போஸ்ட்கிரெஸ்ஸில் பைட்களை அப்படியே வைக்கும் பைட்டியா வகை 1 ஜிபி வரை ஏட்டளவில் கொள்ளும். ஆனால் ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் மதிப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிய பிறகே நம் கையில் தரும். அதில் உள்ள 'ஸ்ட்ரீம்' என்ற பெயரைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் என்று ஏமாற வேண்டாம். பதினாறடிமான எழுத்தாக வந்தால் அளவும் இரட்டிப்பாகும். சின்னத் துணுக்குகளுக்கு மட்டும் அது போதும்.

எனவே போஸ்ட்கிரெஸ்ஸின் இன்னொரு வழியான லார்ஜ் ஆப்ஜெக்ட். உள்ளே தரவைப் போஸ்ட்கிரெஸ்ஸே 2 கேபி துண்டுகளாக்கித் தனி அட்டவணையில் வைத்துக்கொள்ளும், நமக்கு அது ஒரே பொருள்தான். நம் வரிசையில் ஓர் எண் மட்டும். 4 டிபி வரை தாங்கும். வம்பு ஆட்டோகமிட்டில்தான், அதாவது ஒவ்வொரு கட்டளையையும் உடனே தானாக உறுதிசெய்துவிடும் வசதியில். திறந்த ஆப்ஜெக்டின் கைப்பிடி, டிரான்சாக்ஷன் (சேர்த்து உறுதிசெய்யும் கட்டளைத் தொகுப்பு) முடிந்ததும் செத்துவிடும். அதனால் ஆட்டோகமிட்டை அணைத்து, திறந்து, 64 கேபியாக எழுதி, மூடி, அதன் பிறகே கமிட். இணைப்புக் குளத்திலிருந்து (திறந்தே வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பு) வரும் இணைப்போ ஒவ்வொரு முறையும் ஆட்டோகமிட் விழித்த நிலையிலேயே வருகிறது. எடுத்த கையோடு அணைக்க வேண்டும்.

வேவ் ஒலிக்கோப்பின் முன்னால் இருக்கும் விவரத் தலைப்பை உரித்து வெறும் மாதிரிகளை ஏற்றியதால் தேடுவது சுலபம்: நொடிக்கு 2,88,000 பைட், நாற்பது நிமிடத்துக்கு 69,12,00,000. பதிவு 2 மணி 4 நிமிடத்தைத் தாண்டினால் வேண்டிய இடத்துக்குத் தாவும் 32 பிட் 'சீக்' கைவிரித்துவிடும். இப்போதே 'சீக்64' போட்டு வைத்தேன்.

மைக் விஷயமும் சொல்ல வேண்டும். அதிர்வை மின்குறியாக்கும் பியசோ தட்டை, பைபர் வல்லத்தின் ஓட்டை அடைக்கும் ரெசினில் புதைத்தேன். உப்புத் தண்ணீருக்கு இதுவரை அசையவில்லை. கேபிள்தான் வயிற்றெரிச்சல். தபாலில் வாங்கியதில் தகரப் பூச்சு பெயரளவுக்குத்தான். நுனி பச்சை பூத்துவிட்டது. அடுத்த முறை சென்னையின் மின்னணுக் கடைத் தெருவான ரிச்சி தெருவுக்கு நேரில் போய், தோலை உரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

வரிசையை நீக்கினால் ஆப்ஜெக்ட் தானாகப் போகாது, அனாதையாகக் கிடக்கும். அதை நீக்க, தானாக ஓடும் டிரிகரை இன்னும் போடவில்லை. அனாதைகளைத் துடைக்கும் வேக்யூம்லோ கருவியை ஓட்டிக் காலம் தள்ளுகிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்போது தொண்டிப் பக்கம் வடகடலில் (பாக் விரிகுடாவில்) மைக்கை இறக்க ஆசை. இஞ்சின் இரைச்சல் இல்லாவிட்டால் ஆவுளியாவின் (கடற்பசுவின்) குரல் சிக்கலாம். அதற்குள் டிரிகர் வேலை முடிய வேண்டும்.