ட்ரவுட் ஓடைக்குப் போகுமுன்: பன்னிரண்டு நாள் குறிப்பு

மே 11, 2026, திங்கள்

23, 24 சனி ஞாயிறு, ட்ரவுட் மீன் பிடிக்க. இரண்டு பேர், இரண்டு பகல், ஒரு ராத்திரி. பட்டியலில் மூன்று ஓடைகள். எது என்று இன்றைக்கு முடிவு செய்யப்போவதில்லை. வியாழக்கிழமை தண்ணீர் எப்படி இருக்கிறதோ, அதை வைத்துத்தான்.

இன்றைக்கு விதிமுறை மட்டும். மூன்று ஓடைக்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒரே ஓடையிலேயே பாலத்துக்கு மேலே ஒரு விதி, கீழே ஒரு விதி என்று இருப்பது சகஜம். பார்க்க வேண்டியவை: பருவம் திறந்திருக்கிறதா, உரிமம் ஆளுக்கு ஒன்றா, நாளைக்கு எத்தனை மீன், குறைந்தபட்ச நீளம் எவ்வளவு, புழு போடலாமா அல்லது செயற்கை இரை மட்டுமா, கொடுக்கில்லாத (பின்னோக்கி நிற்கும் முனை இல்லாத) முள் கட்டாயமா, ஈயம் தடையா, கூடாரத்துக்கும் தீ மூட்டவும் தனி அனுமதி வேண்டுமா. நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதையும் பார்க்கணும். சில இடங்களில் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, சில இடங்களில் வால் பிளவு வரைதான். அந்த நீளத்தைக் கோலில் பிடிக்கு மேலே டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் கரையில் அளவுகோல் தேட வேண்டாம்.

மே 13, புதன்

தெர்மாமீட்டர் எடுத்து வைத்தாயிற்று. கோலுக்கு அடுத்தபடி முக்கியமான சாமான் இதுதான். பலர் கொண்டு போவதே இல்லை.

ட்ரவுட் குளிர்நீர் மீன். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக இரை எடுக்கும். 6, 7 டிகிரியில் உயிரோடு இருக்கும், ஆனால் இரையைத் தேடி அரையடிகூட நகராது. மூக்குக்கு நேரே கொண்டுபோய் விட வேண்டும். 18-க்கு மேல் கவனம். 20 வந்தால் கோலை மடக்கி வைப்பது. காரணம் மூச்சு. கடல்மட்ட உயரத்தில், 10 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் 9.1-தான். அதே நேரத்தில் சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் நேரத்தில் தூண்டிலில் போராடிய மீனைத் திரும்ப விட்டாலும், நீந்திப் போவதுபோலப் போய்ச் சில மணி நேரத்தில் செத்துவிடலாம். நமக்குத் தெரியவும் தெரியாது.

அளக்கும் முறை: நிழலான இடம், ஓடும் தண்ணீர், முழங்கால் ஆழம், இரண்டு நிமிடம். கரையோரத் தேங்கலில் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி பொய் சொல்லும். விடியலில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, நான்கு மணிக்கு ஒரு தடவை. நீர் குளிராக இருக்கும் பருவத்தில் பத்து மணிக்கு மேல்தான் மீன் அசையும். விடிகாலையில் நடுங்கிக்கொண்டு நிற்பது வீண். கோடையில் இது தலைகீழ்.

மே 15, வெள்ளி

தங்கூஸ் நரம்பு மாற்றும் நாள். போன வருஷ நரம்பு ரீலிலேயே கிடந்தால் சுருள் நினைவு பிடித்துக்கொண்டு ஸ்பிரிங் மாதிரி வரும். 1000 அளவு ரீலுக்கு 4 பவுண்டு நரம்பு, 100 மீட்டர். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். வழியச் சுற்றினால் வீசும்போது வளையம் வளையமாகக் கழன்று கூடு கட்டும். குறைவாகச் சுற்றினால் விளிம்பில் உரசி வீச்சு குறையும்.

டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பைப் பிடித்துப் பிடித்து விடும் ரீல் பிரேக்) நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 4 பவுண்டு என்றால் 1.8 கிலோ; ஆகவே 450 முதல் 600 கிராம். கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடுவதைவிட, சின்ன ஸ்பிரிங் தராசை நுனியில் மாட்டி இழுப்பது நல்லது. மீன் மாட்டிய பிறகு டிராக்கைத் திருகுவதுதான் நரம்பு அறுபடுவதற்கான வழக்கமான காரணம்.

முடிச்சு: கண்ணில் கோர்த்து ஐந்து சுற்று, நுனியைக் கண்ணருகே உள்ள முதல் வளையத்துக்குள் விட்டு, பிறகு உருவான பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு இழுப்பது. இழுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்கணும். உலர்ந்த நரம்பு தன்மேலேயே உரசிச் சூடாகி அந்த இடத்தில் நலிந்துபோகும். முடிச்சுக்கு மேலே நரம்பு சுருள் சுருளாக நெளிந்திருந்தால் அது சூடுபட்டது. வெட்டிவிட்டு மறுபடி கட்டு.

ஸ்பின்னர், அதாவது தகடு சுழலும் செயற்கை இரை: 0, 1 அளவுகள், 2 முதல் 4 கிராம் எடை. வெள்ளி நிறத்தில் மூன்று, செம்பு நிறத்தில் மூன்று போதும். தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி, கலங்கலுக்கும் அந்திக்கும் செம்பு. பெட்டி நிறைய நிறம் வாங்குவது மீனுக்காக இல்லை, நமக்காக. மும்முனை முள்ளைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் கொடுக்கைக் குறடால் அழுத்தி மடக்க வேண்டும். துணியில் குத்தி இழுத்தால் சிக்காமல் வந்தால் சரி. கொடுக்கு இல்லாததால் மீன் தப்பும் என்பது பாதி உண்மை: நரம்பு தொய்ந்தால் தப்பும். தொய்யவிடாமல் இருந்தால் அவ்வளவாகத் தப்பாது.

ஸ்பின்னருக்கு மேலே ஒரு அடி தள்ளி ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு. இல்லாவிட்டால் தகடு சுற்றுவது நரம்புக்கும் ஏறி, மதியத்துக்குள் முறுக்கேறிப் போகும்.

மே 16, சனி

புழு அனுமதி உள்ள ஓடைக்கான தொகுப்பு: 10 எண் முள், அதற்கு 30 முதல் 45 சென்டிமீட்டர் மேலே ஒன்றோ இரண்டோ ஈயமணி. ஈயத் தடை உள்ள இடத்தில் வெள்ளீய மணி. எத்தனை மணி என்பதைத் தரை சொல்லும். நீரோட்டத்தோடு போகும்போது அவ்வப்போது கல்லில் 'டக்' என்று தட்டினால் சரி. தட்டவே இல்லை என்றால் இன்னொரு மணி. ஓயாமல் சிக்கினால் ஒன்றைக் கழற்று. புழு தண்ணீரின் வேகத்திலேயே போக வேண்டும். நரம்பு பிடித்து இழுத்தால் அது ஓட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். எந்தப் புழுவும் அப்படி நீந்தாது என்பது ட்ரவுட்டுக்குத் தெரியும்.

புழுவை மீன் விழுங்கிவிடும். ஆகவே, திரும்ப விடுவதுதான் எண்ணம் என்றால் புழுவே வேண்டாம். தவறித் தொண்டையில் இறங்கிய முள்ளை நோண்டி எடுக்காமல் வாயோரம் நரம்பை வெட்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

மே 17, ஞாயிறு

கூடாரமும் படுக்கையும்.

வானிலை அறிக்கை அடிவாரத்துக்கு 12 டிகிரி என்றால், 800 மீட்டர் உயரத்தில் அது 7 ஆகும். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்பது சராசரிக் கணக்கு. தெளிந்த ராத்திரியில் குளிர்காற்று கனத்து ஓடைப் பள்ளத்தில் வந்து தேங்கும். அதற்கு இன்னும் மூன்று நான்கு கழித்துக்கொள்ளலாம். தூக்கப்பையில் இரண்டு எண் போட்டிருக்கும். பெரியது வசதியாகத் தூங்கும் வெப்பநிலை, சிறியது சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை. பெரிய எண்ணைத்தான் பார்க்கணும். கீழே விரிக்கும் மெத்தையை மறந்தால் எந்தப் பையும் காக்காது: முதுகுப் பக்கத்துப் பஞ்சு உடல் எடையில் நசுங்கிவிடுவதால் குளிர் தரையிலிருந்து ஏறும். மெத்தையின் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் அளவு) குறைவு என்றால் இரண்டு அடுக்கு விரிக்கலாம்; மதிப்புகள் அப்படியே கூடும்.

இடம்: தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஏறக்குறைய 80 எட்டு. கூழாங்கல் திட்டு எவ்வளவு மட்டமாக இருந்தாலும் அது ஓடையின் சொத்து. கரைப் புதர்களில் சருகும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பார்த்தால் பழைய வெள்ளத்தின் கோடு தெரியும். அதற்கு நன்றாக மேலே. அங்கேயும் முதலில் அண்ணாந்து பார்ப்பது: காய்ந்த கிளைக்குக் கீழே கூடாரம் கூடாது.

மே 18, திங்கள்

அடுப்புக் கணக்கு. சனி மதியம் 1 லிட்டர், இரவு 3, ஞாயிறு காலை 2, ஆக 6 லிட்டர் வெந்நீர். காற்றில்லாத இடத்தில் லிட்டருக்கு 12 முதல் 15 கிராம் வாயு. மொத்தம் 90 கிராம். 100 கிராம் குப்பி போதும்போலத் தோன்றும். காற்று அடித்தால் செலவு இரட்டிக்கும், அப்போது ஞாயிறு காலையில் பச்சைத் தண்ணீர்தான். 230 கிராம் குப்பி. பாதி தீர்ந்த குப்பியைத் தராசில் வைத்தால் மிச்சம் தெரிந்துவிடும். குலுக்கிப் பார்ப்பது ஜோசியம். சாதா பியூட்டேன் 0 டிகிரிக்கு அருகிலேயே ஆவியாக மறுக்கும். குளிருக்கு ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்தது. குப்பிமேல் நேராக உட்காரும் அடுப்பைச் சுற்றிக் காற்றுத்தடுப்பை முழுக்க மூடினால் குப்பி சூடேறும், ஆபத்து. கூடாரத்துக்குள் அடுப்பு மழையிலும் கிடையாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

குடிதண்ணீர்: கொதி வந்து ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். குழல் வடிகட்டி என்றால், ஒரு தடவை உபயோகித்த பிறகு உறையவிடக் கூடாது. உள்ளே நுண்குழல்கள் விரிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ராத்திரி அது தூக்கப்பைக்குள்.

மே 20, புதன்

எங்கே நிற்பது, எங்கே வீசுவது. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும், இது கிடைக்காது.

ட்ரவுட் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும். ஆகவே கீழிருந்து மேலே போவது, பின்னாலிருந்து. தண்ணீருக்குள்ளிருந்து வெளியே பார்க்க மீனுக்கு ஒரு வட்டச் சன்னல்தான் உண்டு. 97 டிகிரிக் கூம்பு. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் ஏறக்குறைய 1.35 மீட்டர் அகலம். ஆனால் ஒளி வளைவதால் கரையில் நிற்கும் ஆளும் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கித் தெரிவார். நீர்மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே உள்ளது கிட்டத்தட்ட தெரியாது. கணக்குப் போட்டால்: 10 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் உயரம் வரை மறைவு, 6 மீட்டரில் ஒரு மீட்டர்தான். அதாவது கிட்டே போகும்போது முழங்கால் போட வேண்டும். மேட்டுக்கரையில் நின்றால் இந்தக் கணக்கு கெட்டது. சட்டை நிறத்தைவிட, நிழலும் தண்ணீரில் விழும் கோலின் மின்னலும் அதிகம் விரட்டும். கரையைத் தட்டி நடந்தால் அதிர்வே போதும்.

மீன் நிற்கும் இடம்: வேகமும் நிதானமும் உரசும் கோடு. சலசலப்பான மேட்டு ஓட்டம் மடுவில் விழும் தலைப்பகுதி. பாறைக்குப் பின்னால் மட்டுமல்ல, முன்னால் தண்ணீர் மெத்தைபோல் பொங்கும் இடமும். அடி அரித்துப்போன கரை. நுரை கோடாகப் போகும் தடம், ஏனென்றால் நுரை போகும் வழியில்தான் பூச்சியும் போகும். மடுவின் வால்பகுதி ஆழமற்றது, அந்தியில் அங்கே மீன் வரும். முதல் வீச்சு கிட்டத்து ஓரத்துக்கு. நேராக நடு மடுவுக்கு வீசினால் வாலில் நிற்கும் மீன் மேலே ஓடி மற்றதையும் கலைத்துவிடும்.

மேல்நோக்கி வீசிய ஸ்பின்னரை ஓட்டத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றினால்தான் தகடு சுழலும். கோல் நுனியில் அதிர்வு வராவிட்டால் தகட்டில் பாசி சிக்கியிருக்கும், அல்லது சுற்று போதாது.

மே 21, வியாழன்

ஓடை தீர்மானம். எத்தனை அடி தண்ணீர் என்பதைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பது முக்கியம். முதல் ஓடை: மேலே மழை, ஏறுகிறது, பழுப்பு. விட்டாயிற்று. இரண்டாவது: நேற்று மாலை 19 டிகிரி. அதையும் விட்டாயிற்று. மூன்றாவது: நான்கு நாளாக இறங்குகிறது, 12 டிகிரி, முழங்கால் ஆழத்தில் பாதம் தெரிகிறது. இதுதான். செயற்கை இரை மட்டும் அனுமதி. ஆகவே புழுப் பெட்டி வீட்டில் இருக்கும்.

வேறு ஓடையில் நனைந்த பூட்ஸ், வலை எல்லாம் சேறு போகக் கழுவி, தொட்டால் காய்ந்திருக்கும் நிலையில் இரண்டு நாளாவது இருக்கணும். பாசியும் மீன்நோயும் ஈரத்தில்தான் ஊர் மாறுகின்றன. ஃபெல்ட் (அழுத்திய இழைத் துணி) அடி பூட்ஸ் காயவே காயாது. சில இடங்களில் அதற்குத் தடையே உண்டு.

மே 22, வெள்ளி

மூட்டை கட்டுமுன் கடைசிக் குறிப்புகள்.

போய்ச் சேர்ந்ததும் நீரோரத்தில் ஒரு குச்சி நடுவது. ஒரு மணிக்கு ஒரு தடவை பார்ப்பது. தண்ணீர் குச்சியைத் தாண்டினால், திடீரென்று சருகு மிதந்து வந்தால், கலங்கினால், இரைச்சல் மாறினால் இருக்கும் பக்கம் மேலே ஏறுவது; எதிர்க்கரைக்குச் சாமான் எடுக்கப் போவதில்லை. வேக ஓட்டத்தில் முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை. வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. ஊன்றுகோல் மேலோட்டப் பக்கம். பையின் இடுப்புப் பட்டை திறந்தபடி.

விடும் மீன்: நனைத்த கை, வலையைத் தண்ணீரிலேயே வைத்து முள் கழற்றல், செவுளில் விரல் படாமல். படம் எடுப்பது என்றால் பத்து வினாடி. எதிர்முகமாகப் பிடித்துத் தானாகத் திமிறும் வரை காத்திருப்பது.

வைத்துக்கொள்ளும் மீன், அனுமதித்த எண்ணிக்கைக்குள் இரண்டே இரண்டு: உடனே தலையில் அடித்துக் கொன்று, குடல் எடுத்து, முதுகெலும்பை ஒட்டிய கருஞ்சிவப்புக் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் வழித்து, வயிற்றைத் துடைத்து ஐஸ் பெட்டிக்குள். அந்தக் கோடு மிஞ்சினால்தான் கசக்கும், சீக்கிரம் கெடும். ஓடைத் தண்ணீரில் கட்டித் தொங்கவிடுவது பழைய பழக்கம். 12 டிகிரி குளிர்பெட்டி ஆகாது. சதை வெள்ளையாகி முள்ளிலிருந்து கழலும் வரை வேகணும், பச்சையாக நன்னீர் மீன் கூடாது.

இரண்டு பேரும் ஒரே மடுவில் வேண்டாம். ஒருவர் கரையை விட்டு விலகி நடந்து, வளைவு தாண்டி மூன்று மடு தள்ளித் தொடங்குவது. மற்றவர் அங்கே வந்து சேர்ந்ததும் அதேபோல் தாண்டிப் போவது. சந்திக்கும் நேரம் 11:00, 1:30, 4:00.

வீட்டில் விட்டுப் போகும் சீட்டு: ஓடையின் பெயர், வண்டி நிற்கும் இடம், கூடாரம் எந்தக் கரையில், ஞாயிறு மாலை 6 மணிக்குள் தொலைபேசி. 9 மணி வரை சேதி இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணும் அதே சீட்டில், பெரிய எழுத்தில்.