நீந்தவும் படகு விடவும் ஒரு சிறு அணைக்குளம்: ஆய்வு முதல் அனுமதி வரை

நீந்துவதற்கும் துடுப்புப் படகு விடுவதற்கும் தூண்டில் போடுவதற்கும் மட்டுமே பயன்படும் சிறிய அணைக்குளம் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு, அதைப் பயன்படுத்தும் குடும்பங்களின் சார்பில் என்னிடமும் வேறு சிலரிடமும் ஒப்படைக்கப்பட்டபோது, அதன் மண் அணைக்குரிய பாதுகாப்பு ஆய்வு நிலுவையில் இருந்தது. ஆய்வு முடிந்து அனுமதி கிடைக்கும் வரை குளத்தில் எவரும் இறங்கக் கூடாது என்று மேற்பார்வை அலுவலகம் எழுதியிருந்தது. அந்த நடைமுறையைக் கடந்து வந்தபின் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. நிழலுக்கென்று ஒரு மரம், நடப்பதற்கென்று ஒரு பாதை, மீன் போய்விடாமல் இருக்க ஒரு வலை என்று பொழுதுபோக்கின் பொருட்டு நாம் சேர்க்கும் ஒவ்வொன்றும் அணையின் பாதுகாப்பிலிருந்து சிறிது எடுத்துக்கொள்கிறது. ஆய்வு என்பது பெரும்பாலும் அந்தக் கணக்கைத் தீர்க்கும் வேலையாகவே இருந்தது.

முதல் கடிதத்தில் எங்கள் அணை ‘உயர் அபாய’ வகையைச் சேர்ந்தது என்று குறிப்பிடப்பட்டிருந்ததைக் கண்டு பலர் கலங்கிவிட்டனர். அணை நாளையே உடையப்போகிறது என்று புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். உண்மையில் இந்த வகைப்பாடு அணையின் வலிமையைப் பற்றியது அன்று. அணை உடைந்தால் கீழே இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து நேருமா என்பதை மட்டுமே அது சொல்கிறது. நல்ல நிலையில் இருக்கும் அணையும் உயர் அபாய வகையில் வரலாம்; கீழே புதிதாக வீடுகள் எழுந்தால், அணையில் ஒரு கல்கூட அசையாத நிலையிலும் அதன் வகை மாறிவிடும். ஆயினும் இதை வெறும் பெயர் என்று ஒதுக்கிவிட முடியாது. எவ்வளவு பெரிய வெள்ளத்தைக் கலிங்கு, அதாவது மிகுநீர் வழிந்தோடும் வாய், தாங்க வேண்டும், எத்தனை காலத்துக்கு ஒருமுறை ஆய்வு நடக்க வேண்டும், அவசரகாலத் திட்டம் கட்டாயமா என்பவை எல்லாம் இந்த வகையை ஒட்டியே முடிவாகின்றன.

ஆய்வுக்கு முன் கரையின் புல்லை ஒட்ட வெட்டி வைக்கும்படி பொறியாளர் கேட்டுக்கொண்டார். அதன் காரணம் அவர் வந்த பிறகுதான் விளங்கியது: எலி வளையும் வெடிப்பும் மண் சரிவும் நெடும்புல்லுக்குள் மறைந்து கிடக்கும். கரையின் ஒரு முனையில் குனிந்து நின்று, மேல்விளிம்பின் கோட்டை மறுமுனை வரை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நடுவில் ஓரிடம் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஆண்டுக்கணக்காக எல்லோரும் குறுக்கே ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதை அது. வெள்ளம் கரையைத் தாண்ட நேர்ந்தால் முழு நீளத்திலும் பரவி வழியாமல் அந்தப் பள்ளத்தில்தான் குவிந்து பாய்ந்து மண்ணை அறுக்கும் என்று விளக்கினார். கரைக்கு மேலாக நீர் வழிவதும், கரைக்குள்ளாக நீர் மண்ணை அரித்துச் செல்வதும்தான் மண் அணைகள் உடைவதற்கான இரு முதன்மைக் காரணங்கள் என்பதால், அவருடைய கண்கள் அந்த இரண்டையுமே தேடிக்கொண்டிருந்தன.

இரண்டாவதற்குரிய அறிகுறி வெளிச்சரிவின் அடியில், மதகுக் குழாய் வெளிவரும் இடத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. சுற்றியுள்ள புல்லைவிடக் கோரை அங்கே அடர்ந்து பசுமையாக நின்றது. கால் வைத்தால் மண் அமிழ்ந்தது. கசிந்து வந்த நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு அவர் மற்ற வேலைகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது நீர் தெளிவாக இருந்தது, அடியில் மட்டும் மெல்லிய மண்படலம் ஒன்று படிந்திருந்தது. கசியாத மண் அணை எதுவும் கிடையாது, கசிவு இருப்பதே குற்றமும் இல்லை. அது தெளிந்து வருகிறதா, மண்ணைச் சுமந்து வருகிறதா, அளவு கூடுகிறதா என்பவையே கேள்விகள். அன்றிலிருந்து கசிவை ஒரு சிறு குழாய்க்குத் திருப்பி, குறிப்பிட்ட வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்பதை, குளத்தின் நீர்மட்டத்தோடும் மழையளவோடும் சேர்த்துக் குறித்துவைக்கத் தொடங்கினோம். இம்மூன்றும் ஒன்றாக இல்லாத குறிப்பால் பயனில்லை. ஏனெனில் நீர்மட்டம் உயர்ந்தால் கசிவும் உயர்வது இயல்பு, மட்டம் மாறாதிருக்கையில் கசிவு கூடுவதுதான் அபாயம்.

கசியும் இடத்தில் களிமண்ணைக் கொட்டி அடைத்துவிடலாம் என்ற யோசனை எங்கள் கூட்டத்தில் எழுந்தது. முதலில் கேட்பவர் எவருக்கும் அது நியாயமாகத்தான் படும். ஆனால் வெளிப்பக்கத்தில் வழியை அடைத்தால் நீர் நிற்பதில்லை. கரைக்குள் அழுத்தம் கூடி, வேறொரு பலவீனமான இடத்தில் வெளிப்படும். நீரை வெளியே விட்டு மண்ணைத் தடுத்து நிறுத்துவதே தீர்வு. குழாய்க்குள் கேமரா செலுத்திப் பார்த்ததில், பழைய இரும்புக் குழாயின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது தெரிந்தது. அதனுள் புதிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பால் நிரப்பினார்கள். வெளிமுனையைச் சுற்றித் தகுந்த பருமனுள்ள மணலையும், அதற்கு வெளியே சரளையையும் இட்டு வடிகட்டி அமைத்தார்கள். மணல் கரைமண்ணைப் பிடித்துக்கொள்ளும், சரளை மணலைப் பிடித்துக்கொள்ளும், நீர் மட்டும் வெளியேறும்.

இந்த வேலைக்காகக் குளத்தை இறக்க வேண்டியிருந்தது. மதகை முழுதாகத் திறந்தால் விரைவில் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். பொறியாளரோ ஒரு நாளைக்கு 30 சென்டிமீட்டருக்கு மேல் இறக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். நீரில் ஊறிய உட்சரிவை வெளியிலிருந்து தாங்கி நிற்பது குளத்து நீரின் அழுத்தமே. அதைச் சட்டென்று விலக்கினால், மண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய நேரமின்றி, சரிவு கனத்துக் குளத்துக்குள் சறுக்கிவிடும். மெதுவாக இறக்கியதில் இன்னொரு நன்மையும் இருந்தது: அடிச்சேறு கலங்கிக் கீழுள்ள ஓடைக்குப் போகவில்லை.

மரங்களைப் பற்றிய தகராறு குழாய் வேலையைவிட நீண்டது. கரைமேல் நின்ற மரங்களின் நிழலில்தான் எல்லோரும் உட்காருவார்கள் என்பதால், அவற்றை வெட்டச் சொன்னபோது எழுந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மரம் புயலில் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு பெரும் துண்டையும் பெயர்த்துக்கொண்டு விழும். பட்டுப்போனால் வேர் மக்கிய வழிகள் நீர் ஓடும் குழாய்களாகும். ஆகவே பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுவதும் தீர்வாகாது. நீர் தாழ்ந்திருந்த காலத்திலேயே வேரைத் தோண்டி எடுத்து, குழியை அகலப்படுத்தி, மண்ணை அடுக்கடுக்காக இட்டு இறுக்கினோம். ஒரு குழியின் சுவரில், என் மணிக்கட்டளவு பருமனுள்ள செத்த வேர் ஒன்று பட்டையை மட்டும் குழலாக விட்டு உள்ளே முழுதும் மக்கியிருந்தது. அந்தக் குழல் ஈரமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு எதிர்ப்பு அடங்கியது. நிழல் மரங்கள் இப்போது கரையை விட்டுத் தள்ளி, திடலின் ஓரத்தில் வளர்கின்றன.

கலிங்கில் இரண்டு சேர்க்கைகள் இருந்தன. படகுக்கு ஆழம் வேண்டும் என்று யாரோ பலகை செருகி நீர்மட்டத்தை உயர்த்தியிருந்தார்கள். மீன் தப்பாமல் இருக்க நெருக்கமான கம்பிவலை கட்டியிருந்தார்கள். பலகை கலிங்கின் விளிம்பை உயர்த்துவதால், கரையைத் தாண்டுமுன் அதன்மேல் ஓடக்கூடிய நீரின் உயரம் குறைகிறது. அந்த உயரம் பாதியானால், வெளியேறும் அளவு பாதியாகக் குறைவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சிறு பலகை இவ்வளவு செய்யும் என்பதைக் கணக்கு போட்டுக் காட்டிய பிறகே எங்களில் பலர் நம்பினார்கள். வலையின் கதைக்கோ வரலாறே இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைக் கழகம் ஒன்று தன் உல்லாச ஏரிக்காக வைத்திருந்த சவுத் ஃபோர்க் அணை, 1889 மே 31 அன்று பெருமழையில் உடைந்து ஜான்ஸ்டவுன் நகரை அழித்தது. 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வண்டிகள் செல்வதற்காக அணையின் மேல்விளிம்பு தாழ்த்தப்பட்டிருந்தது, அகற்றப்பட்ட அடிக்குழாய்கள் மீண்டும் பொருத்தப்படவில்லை, கலிங்கில் மீனுக்காகக் கட்டிய வலையில் குப்பை சேர்ந்து அடைத்துக்கொண்டது. அளவில் எங்கள் குளம் அதன் பக்கத்தில் வைக்கத் தக்கதே அன்று. இருந்தாலும் பாதை, வலை என்ற பட்டியல் ஒத்துப்போனது எனக்கு அவ்வளவு இதமாக இல்லை. பலகையும் வலையும் அன்றே அகற்றப்பட்டன. மழைக்குப் பின் சில மீன்கள் கீழே போகின்றன, போகட்டும்.

கரை வேலை முடிந்ததும் குளத்தின் பயன்பாட்டைப் பங்கிட்டோம். மதகின் வாய்க்கும் கலிங்குக்கும் அருகே எவரும் போகாதபடி மிதவைக் கயிறு கட்டினோம். மதகு திறந்திருக்கும்போது அதன் வாயில் ஏற்படும் உறிஞ்சல் வலுவான நீச்சல்காரரையும் பிடித்து வைத்துவிடும். கலிங்கிலிருந்து நீர் விழும் இடத்தின் அடியிலோ நீர் தன்மேலேயே சுருண்டு சுழல்வதால், விழுந்தவரையும் படகையும் வெளியே விடாது. பார்ப்பதற்குச் சிறுவர்கள் விளையாட ஏற்ற இடம் போலத் தெரிவதுதான் அதன் கொடுமை. நீந்தும் பகுதியைச் சரிவு மெல்ல இறங்கும் பக்கத்தில் அமைத்து, ஆழம் திடீரென்று கூடும் இடத்துக்கு முன்பே கயிறு கட்டி ஆழத்தை எழுதிவைத்தோம். தலைகீழாகப் பாய்வதை முற்றிலும் தடுத்தோம், ஏனெனில் கலங்கிய குளத்தில் அடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. படகில் ஏறுபவர் நீந்தத் தெரிந்தவராயினும் உயிர்காப்பு மேலங்கி அணிய வேண்டும். கனமழைக்கு அடுத்த ஓரிரு நாள்கள், ஓடிவந்த அழுக்கு நீர் தெளியும் வரை, நீச்சல் கிடையாது. பச்சைச் சாயம் கொட்டியது போல் நீலப்பச்சைப் பாசி படர்ந்தால் மனிதரோடு நாய்களும் விலக்கப்படும், அதன் நச்சு நாய்களைக் கொன்றுவிடக்கூடும்.

கடைசியாகக் கேட்கப்பட்டது அவசரகாலத் திட்டம். கசிவு கலங்கி வந்தால், குளத்தில் சுழி தோன்றினால், கரையில் புதிய வெடிப்போ சறுக்கலோ கண்டால், பார்த்தவர் முதலில் யாரை அழைப்பது, கீழே உள்ள வீடுகளுக்கு யார் சொல்வது, மதகைத் திறக்கும் அதிகாரம் யாருக்கு என்பவற்றை ஒரே தாளில் எழுதி, கீழே வசிப்பவர்களிடமும் கொடுத்தோம். அவர்களில் சிலர் தங்களுக்கு மேலே ஓர் அணை இருப்பதையே அப்போதுதான் அறிந்தார்கள் என்பது எங்களைச் சங்கடப்படுத்தியது.

அனுமதி நிபந்தனைகளோடு வந்தது: மாதந்தோறும் கசிவுக் குறிப்பு, கனமழைக்குப் பின் கரையை நடந்து பார்த்தல், ஆண்டுக்கொரு முறை மதகை முழுதாகத் திறந்து மூடிச் சோதித்தல். குளத்தின் மேல்முனையில் சேர்ந்துள்ள வண்டலை அகற்றுவதற்குத் தனி விண்ணப்பம் தேவை என்று கூறிவிட்டதால், படகுத்துறை இப்போதைக்குக் கீழ்ப்பக்கத்திலேயே, மிதவைக் கயிறு விலக்கிய பகுதிக்கு வெளியே இருக்கிறது.